அரசியல் ராப் முடிந்துவிட்டதா? வியாசர்பாடித் தம்பிக்கு ஒரு பதில்

வியாசர்பாடியில் ராப் எழுதும் தம்பி ஒருவர் மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். "எங்க தெரு, சாதி, எண்ணூர் சாம்பல், இதைத்தான் எழுதுறேன். கூட இருக்கிற பசங்க, 'அரசியல் ராப் அமெரிக்காவிலேயே தொண்ணூறுகளோட முடிஞ்சுபோச்சு, இப்ப கெத்துப் பாட்டுதான் ஓடும்'னு சொல்றாங்க. நிஜமா முடிஞ்சுபோச்சா? இன்னிக்கு ஊரெல்லாம் ஓடுற பாட்டுல அது விட்டுட்டுப் போனது என்ன? சினிமாவுல வரி கேட்டுக் கூப்பிடுறாங்க, போகலாமா?"

முடியவில்லை தம்பி. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அது விட்டுப்போனதில் பெரியது எது என்று கேட்டால், தன் தெருவின் பெயரைச் சொல்லி, தன் வீட்டுப் பேச்சிலேயே, 'நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்' என்று ஒருவர் மைக் பிடிக்கலாம் என்ற வழக்கத்தைச் சொல்வேன். இன்றைக்கு ஓடும் பாட்டுகளில் பெரும்பகுதி இந்த வழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. ஆனால் இசைச் சந்தை அந்தச் சத்தத்தைச் சட்டென்று எடுத்துக்கொண்டது, அந்த ஆளை உள்ளே விடத்தான் யோசித்தது. அமெரிக்காவிலும் அப்படித்தான், சென்னையிலும் அப்படித்தான். அதனால் ஒரு பாட்டு அரசியல் பாட்டா என்பதை வரியை மட்டும் வைத்து நான் பார்ப்பதில்லை. பேசுவது யார், யார் பெயரில் அது வெளியே போகிறது, காசு யார் கைக்குப் போகிறது, இதையும் சேர்த்துத்தான் பார்ப்பேன்.

சரி, முதலில் அமெரிக்கா.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில், 1973 ஆகஸ்ட் 11 அன்று சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தார். பள்ளி திறப்பதற்குள் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க வேண்டும், அதுதான் நோக்கம். பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன் கூல் ஹெர்க். ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாக அந்த நாளைத்தான் கொண்டாடுகிறார்கள். ஹெர்க் ஜமைக்காவில் பிறந்தவர். கிங்ஸ்டன் தெருக்களில் பெரிய பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி, பாட்டு ஓடும்போதே மைக்கில் பேசும் 'சவுண்ட் சிஸ்டம்' பழக்கத்தைக் கையோடு கொண்டுவந்தவர். நம்ம பக்கம் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது சவுண்ட் சர்வீஸ்காரர் தெருவையே தன் கையில் வைத்திருப்பாரே, அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பிராங்க்ஸ் அப்போது எப்படி இருந்தது என்பதும் தெரிய வேண்டும். நகரத் திட்ட அதிகாரி ராபர்ட் மோசஸ் திட்டமிட்ட நெடுஞ்சாலை குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு போயிருந்தது. வேலை தந்த ஆலைகள் போய்விட்டன. இன்ஷூரன்ஸ் பணத்துக்காக வீட்டுக்காரர்களே கட்டடத்துக்குத் தீ வைத்ததும் உண்டு. அதே சமயத்தில் செலவைக் குறைக்கிறோம் என்று நகர நிர்வாகம் தீயணைப்பு நிலையங்களை மூடியதும் உண்டு. 1996-ல் மூடிப்போன பின்னி மில், கொடுங்கையூர் குப்பைமேடு, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்து அனுப்பப்பட்ட குடும்பங்கள், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவிய எண்ணெய், இதையெல்லாம் பார்த்தவர்களுக்கு அந்தப் பாட்டுகள் ஏன் அந்நியமாகத் தெரியவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஊரின் கழிவும் புகையும் வந்து சேரும் இடத்தில் இருப்பவர்கள், ஊரைப் பற்றி ஊருக்கே சொல்ல ஆரம்பித்தார்கள்.

முதல் பத்து வருடம் ராப் பெரும்பாலும் கொண்டாட்டப் பாட்டுதான். 1982-ல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ் பெயரில் வந்த 'தி மெசேஜ்' அதை மாற்றியது. எழுதியவர்களில் முக்கியமானவர்கள் டியூக் பூட்டியும் மெல்லி மெல்லும். குழுவினரே அதைப் பாட முதலில் தயங்கினார்கள். ஆட வருகிறவன் வீட்டுக் கஷ்டத்தை ஏன் கேட்கப்போகிறான் என்பது அவர்கள் எண்ணம். கம்பெனி நடத்திய சில்வியா ராபின்சன்தான் விடாமல் நின்றார். அந்தப் பாட்டைக் கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வேகத்தைக் குறைத்திருப்பார்கள். ஆடுவதற்கான வேகம் அது இல்லை, ஆள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதற்கான வேகம். உடைந்த கண்ணாடி, எலி, கரப்பான் என்று கண்ணில் படுவதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். கோஷம் ஒன்றுகூட இருக்காது. அரசியல் பாட்டு என்றால் கை உயர்த்திக் கத்த வேண்டும் என்று நினைக்கிற பசங்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

அப்புறம் வந்தது பப்ளிக் எனிமி என்ற ராப் குழு. 1988-லும் 1989-லும் அவர்கள் செய்தது இன்றைக்கும் மூச்சடைக்க வைக்கும். ஸ்பைக் லீ தன் படத்துக்குப் பாட்டுக் கேட்டபோது அவர்கள் கொடுத்த 'ஃபைட் தி பவர்' பாட்டில் ஃபங்க், சோல், மேடைப் பேச்சு என்று பல பழைய பதிவுகளிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அவர்களுடைய தயாரிப்புக் குழுவுக்கு பாம் ஸ்குவாட் என்று பெயர். காதுக்கு அது ஒரே இரைச்சலாக வரும். ஆனால் கூர்ந்து கேட்டால், கறுப்பின மக்களின் பல வருட இசை அந்த அடுக்குக்குள் இருக்கிறது. மேலே சக் டி பாடும் வரிகளை எடுத்துவிட்டாலும் கீழே இருக்கும் சத்தமே ஒரு வாதம்தான்.

அந்தச் சத்தம் ஏன் நின்றுபோனது? தைரியம் போய்விட்டது என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு விஷயங்கள் நடந்தன. 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப்பர்மேல் நடந்த வழக்கில், அனுமதி இல்லாமல் இன்னொருவர் பாட்டின் துண்டை எடுத்தது குற்றம் என்று நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் முதல் வரியே "களவு செய்யாதிருப்பாயாக" என்ற பைபிள் கட்டளை. அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் காசு கட்ட வேண்டும் என்றானது. பத்திருபது துண்டுகளை அடுக்கும் பாட்டைச் செய்ய யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. நம்ம கானாக்காரர்கள் காலங்காலமாகச் சினிமா மெட்டை எடுத்துத் தங்கள் வரியைப் போட்டுப் பாடியவர்கள். இன்றைக்கு அதே பாட்டை யூடியூபில் ஏற்றினால் காப்பிரைட் என்று இறக்கிவிடுகிறார்கள். இரண்டு இடத்திலும் ஏழைகள் தங்கள் கைக்குக் கிடைத்ததை வைத்துப் பாட்டுக் கட்டினார்கள், சட்டம் வந்து விலை கேட்டது.

இரண்டாவது விஷயம் ரேடியோ. 1996 தொலைத்தொடர்புச் சட்டம் வரும்வரை ஒரு கம்பெனி நாடு முழுவதும் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். சில வருடங்களில் கிளியர் சேனல் என்ற ஒரே கம்பெனி 1,200 நிலையங்கள் அளவுக்கு வளர்ந்தது. பாட்டுப் பட்டியலை ஒரே இடத்தில் உட்கார்ந்து முடிவு செய்யும்போது, உள்ளூர் போலீஸைப் பற்றி உள்ளூர்ப் பையன் எழுதிய பாட்டுக்கு எங்கே இடம் இருக்கும்? எழுதுகிறவர்கள் அப்போதும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒலிபரப்ப ஆளில்லை. உங்கள் நண்பர்கள் 'முடிஞ்சுபோச்சு' என்று சொல்வது இந்தக் காலத்தைப் பார்த்துத்தான்.

இடையில் அரசு என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1989 ஆகஸ்டில் எஃப்.பி.ஐ.யின் மூத்த அதிகாரி ஒருவர் என்.டபிள்யூ.ஏ. குழுவின் இசைக் கம்பெனிக்கு, உங்கள் பாட்டு காவலர்கள்மேல் வன்முறையைத் தூண்டுகிறது என்று கடிதம் எழுதினார். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து காம்ப்டன் பையன்கள் தெருவில் போலீஸ் தங்களை நிறுத்திச் சோதிப்பதைப் பற்றிப் பாடியதற்குத்தான் இது. மிரட்டல் பலிக்கவில்லை. 1991-ல் பில்போர்டு பத்திரிகை, கடைக்காரர்களிடம் கேட்டு எழுதுவதை விட்டுவிட்டு உண்மையான விற்பனைக் கணக்கை எடுக்க ஆரம்பித்ததும், ஜூன் மாதத்திலேயே அதே குழுவின் அடுத்த ஆல்பம் முதலிடத்துக்கு வந்து நின்றது. கேட்கிற கூட்டம் முன்பே இருந்தது, கணக்கில்தான் காட்டாமல் இருந்தார்கள்.

நம்ம மாநிலத்தில் இதற்கு அமெரிக்காவைத் தேடிப் போக வேண்டாம். 2015 அக்டோபர் கடைசியில், டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய மக்கள் பாடகர் கோவனை ராத்திரியில் வீட்டிலிருந்து அழைத்துப்போய், தேசத்துரோகப் பிரிவில் வழக்குப் போட்டார்கள். அவர் பாடியது ராப் இல்லை, தெரு மேடைப் பாட்டு. ஆனால் பாட்டைப் பார்த்து அரசு பயப்படும் விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். துனிசியாவில் எல் ஜெனரல் என்ற இளைஞர் அதிபரை நேராகப் பார்த்துக் கேள்வி கேட்டுப் பாடிய ராப்புக்காக 2011 ஜனவரி முதல் வாரத்தில் கைதானார். ஜனவரி 14 அன்று அந்த அதிபரே நாட்டைவிட்டு ஓடினார். பாட்டால்தான் ஓடினார் என்று நான் சொல்ல மாட்டேன். தெருவில் இறங்கிய மக்களால் ஓடினார். ஆனால் அந்த மக்கள் போனில் பகிர்ந்துகொண்ட பாட்டு அதுதான்.

ஜனரஞ்சக இசைக்குள் இது எங்கே போய்ச் சேர்ந்தது? 2015-ல் கென்ட்ரிக் லமாரின் 'ஆல்ரைட்' பாட்டை, போலீஸ் வன்முறைக்கு எதிராகக் கூடியவர்கள் தெருவில் நின்று கோஷமாகவே பாடினார்கள். 2018-ல் அதே லமாருக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. கிளாசிக்கலுக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்தப் பரிசை வாங்கிய முதல் ஆள் அவர். 2019 கிராமி விழாவில், துப்பாக்கியையும் நிறவெறியையும் பேசிய சைல்டிஷ் காம்பினோவின் பாட்டு 'ஆண்டின் சிறந்த பதிவு' விருதை வாங்கியது. ராப் பாட்டு ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. ஓரத்தில் நின்றவர்கள் நடு மேடைக்கு வந்துவிட்டார்கள் என்று இதை வைத்துச் சொல்லலாம். நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது வேறொன்று. ராப்பே பாடாதவர்களின் பாட்டுகூட மாறிவிட்டது. பாப் பாடகி ஒருவர் தன் ஊர், தன் அப்பா அம்மா, தன் உடம்பு பற்றிப் பெயர் சொல்லி எழுதுவது இன்றைக்கு இயல்பாகிவிட்டது. நம்ம சினிமாவிலும் ஹீரோ எந்த ஏரியாக்காரன் என்று அறிமுகப் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஏரியாவைச் சொல்வது பெருமை என்ற உணர்வைப் பாட்டுக்குள் உறுதியாக உட்காரவைத்ததில் ஹிப்-ஹாப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

குறையையும் மறைக்க வேண்டாம். பெண்களைப் பற்றி அந்தப் பாட்டுகளில் பல கேவலமாகப் பேசின. பப்ளிக் எனிமி குழுவில் இருந்த ஒருவர் 1989-ல் யூதர்களைப் பற்றி வெறுப்போடு பேசி, குழுவே ஆட்டம் கண்டது. தன் மேல் நடக்கும் அநியாயத்தைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, தான் செய்யும் அநியாயம் தெரியாமல் போகிறது. அதை உள்ளிருந்தே கேட்டவர்களும் உண்டு. குயின் லத்தீஃபா 1993-ல், தெருவில் பெண்களைக் கேவலமாகக் கூப்பிடும் ஆண்களை நேருக்கு நேர் நிறுத்திக் கேள்வி கேட்டார். கானாவிலும் இதே வியாதி இருக்கிறது. நம்ம பசங்க போனில் ஓடும் பாதிக் கானா, தன்னை வேண்டாம் என்ற பெண்ணைத் திட்டுவதுதான். அந்த ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே ராயபுரத்திலிருந்து இசைவாணி மேடையேறி, 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் வந்ததை வடசென்னையின் பெரிய அரசியல் செய்திகளில் ஒன்றாகவே நான் பார்க்கிறேன்.

கானா என்றதும் இரண்டு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், உங்கள் எழுத்துக்கு இதுதான் உதவும்.

ஒன்று, மரண கானா. சாவு வீட்டு ராத்திரி எப்படிப் போகும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். தெருவை அடைத்துச் சாமியானா, ஐஸ் பெட்டி, வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி, கண்ணீர் அஞ்சலி பேனர். நல்ல கானாக்காரர் வந்ததும் மைக்கைத் தொட மாட்டார். வீட்டு ஆள் யாரையாவது ஓரமாகக் கூப்பிட்டு, பெரியவர் பெயர் என்ன, எங்கே வேலை பார்த்தார், எத்தனை பிள்ளை, எந்தப் பேத்திமேல் உயிராக இருந்தார் என்று கேட்டுக்கொள்வார். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் என்றால் துறைமுகம் பாட்டில் வரும். காசிமேட்டில் வலை பின்னியவர் என்றால் வலை வரும். டோலக் சத்தத்துக்கு நடுவே அந்தப் பேத்தியின் பெயர் வரும்போது மொத்தத் தெருவும் உடைந்துபோகும். பத்திரிகையில் நாலு வரிகூட வராத ஒருவரின் வாழ்க்கை, விடியும்வரை ஒலிபெருக்கியில் போகிறது. 2015-ல் ஜனெல் மொனேயும் அவருடைய குழுவினரும், கொல்லப்பட்ட கறுப்பின மக்களின் பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லி, அடிக்கும் மேளத்துக்கு நடுவே ஒரு பாட்டுச் செய்தார்கள். அதை முதன்முறை கேட்டபோது எனக்கு ஐஸ் பெட்டி பக்கத்தில் நிற்பது போலத்தான் இருந்தது. இறந்தவரைப் பெயர் சொல்லிப் பாடுவது அரசியல் என்று அவர்களுக்கும் தெரியும், நம்ம ஆட்களுக்கும் தெரியும். யாரிடமிருந்தும் கடன் வாங்கி இதை நீங்கள் தொடங்க வேண்டியதில்லை.

இன்னொன்று, வரி கட்டும் முறை. பெரம்பூரில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ரூம் வைத்திருக்கிறேன். கானா பாடுகிறவர்களும் ராப் எழுதும் பசங்களும் ஒரே வாசலில் செருப்பைக் கழட்டிவிட்டு வருகிறார்கள். பசங்க யூடியூபில் இறக்கிய பீட்டோடு வருவார்கள், வரியைப் போனைப் பார்த்துப் படிப்பார்கள். முதல் எட்டு வரி மளமளவென்று போகும், அப்புறம் மூச்சு வாங்கும். பார்த்தால், ஆங்கில ராப்பைக் கேட்டுப் பழகி, எல்லா வரியிலும் கடைசிச் சொல்லில் மட்டும் ஒலியைச் சேர்த்திருப்பார்கள். தமிழில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. 'போறேன், வாரேன், தாரேன்' என்று முடிக்க ஒரு சிரமமும் இல்லை. சிரமம் இல்லாததாலேயே அது காதில் நிற்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கானாக்காரரைப் பாடச் சொன்னால், வரியின் முதல் சொல்லிலேயே எதுகையை வைத்துத் தூக்குவார். இரண்டாம் எழுத்து ஒன்றிவிட்டால் அடுத்த வரி தானாக ஓடிவரும், நடுவில் மூச்சுக்கும் இடம் கிடைக்கும். தாளமும் அப்படித்தான். கானா ஆறில் உருளும், ராப் பீட் நாலில் நடக்கும். ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பிரித்துப் பேசினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ராப்பர் அறிவு எழுதியதைக் கேட்டுப் பாருங்கள். வேகமாகப் பேசும் இடத்தில்கூட எதுகையும் மோனையும் விட்டுப்போகாது. அதனால்தான் அவர் சொல்வது புரிகிறது, புரிவதால்தான் சிலருக்குக் கோபம் வருகிறது.

இனி நம்ம சினிமா. தமிழில் ராப் என்றால் பலருக்கும் நினைவு வருவது 1994-ல் 'காதலன்' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் வந்த 'பேட்டை ராப்'. ரேஷன், குழாய்த் தண்ணீர் என்று பேட்டை வாழ்க்கை எல்லாம் அதில் உண்டு, மெட்ராஸ் பாஷையும் உண்டு. எனக்கு இன்றைக்கும் பிடித்த பாட்டு. ஆனால் பேட்டையைப் பற்றிப் பேட்டைக்கு வெளியிலிருந்து எழுதியது. தேவா தொண்ணூறுகளில் கானாவைத் தியேட்டருக்குள் கொண்டுவந்தார், அங்கேயும் அது பெரும்பாலும் ஹீரோ குடித்துவிட்டு ஆடும் பாட்டாகத்தான் போனது. 2006-ல் மலேசியாவிலிருந்து யோகி பி-யும் நட்சத்திராவும் 'வல்லவன்' ஆல்பத்தில், தமிழ் ராப்புக்கு முழு நீளம் தாங்கும் என்று காட்டினார்கள். அடுத்து ஹிப்ஹாப் தமிழா வந்து, தமிழ் ராப்பைக் கல்லூரிப் பையன்களின் போனுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் கூடியபோது அவர்கள் பாட்டும் அங்கே ஒலித்தது. அவர்கள் திறந்த கதவு பெரியது. ஆனால் அந்தப் பாட்டுகளில் 'தமிழன்' என்ற ஒரே ஆள்தான் பேசுகிறான். அவன் ஊரா, சேரியா என்ற கேள்வி எழுவதே இல்லை.

அந்தக் கேள்வியோடு மேடை ஏறியது தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு. பா.ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து ஆள் தேடி, 19 பேரைக் கூட்டி, 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்தினார்கள். பெயர், 'சாதி பேதமற்ற தமிழர்' என்று நூறு வருடம் முன்பே பேசிய அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்தது. கானா பாடுகிறவர்கள், தாராவியிலிருந்து வந்த ராப்பர்கள், கிடார், டிரம்ஸ், பக்கத்திலேயே சட்டியும் கட்ட மோளமும். இட ஒதுக்கீடு பற்றி, மாட்டுக்கறி பற்றி நேராகப் பாடினார்கள். சாவுக்கு மட்டும் அடிக்கலாம் என்று ஒதுக்கிவைத்த வாத்தியத்தை, கோட்டு மாட்டியவர்கள் நடு மேடையில் வைத்து அடித்ததை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பப்ளிக் எனிமி சத்தத்தை அடுக்கியது போலவே, இங்கே எந்த வாத்தியம் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதே வாதம். 2020 டிசம்பரில் அதே நீலம் 'மார்கழியில் மக்களிசை' என்ற இசை விழாவைத் தொடங்கியபோது அந்த வாதம் சபாக்களின் மாதத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

2015-ல் சோஃபியா அஷ்ரஃப், கொடைக்கானலில் இருந்த யூனிலீவரின் பாதரச வெப்பமானி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் செய்த ராப்பையும் சொல்லாமல் விட முடியாது. நிக்கி மினாஜின் பாட்டு பீட்டை எடுத்து வரியை மாற்றினார், மினாஜே அதைப் பகிர்ந்தார். 2016 மார்ச்சில் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பதினைந்து வருடம் போராடியவர்கள் தொழிலாளர்கள். பாட்டு அந்தப் போராட்டத்தை உலகத்தின் காதுக்குக் கொண்டுபோனது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. இதற்கு 'எஞ்சாய் எஞ்சாமி' கதையைத்தான் சொல்வேன். 2021 மார்ச்சில் வந்தது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, பாடகி தீயும் ராப்பர் அறிவும் பாடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு அதை எடுத்தார். நிலமில்லாதவர்களின் கதை கல்யாண வீட்டிலும் கல்லூரி ஆண்டுவிழாவிலும் ஓடியது. அதே வருடம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் தீ இருந்தார், இன்னொரு பாடகர் இருந்தார், அறிவு இல்லை. பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு, அறிவுக்கு டிஜிட்டல் அட்டை ஒன்று வந்தது. 2022-ல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு பாடப்பட்டபோதும் அவர் மேடையில் இல்லை. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து இதுவரை தனக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று வீடியோவிலேயே சொன்னார். பிரபலமான இசையமைப்பாளருக்கே இந்த நிலை என்றால், வியாசர்பாடியில் முதல் பாட்டு எழுதுகிறவர் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

அதற்காகச் சினிமாவுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். போங்கள். 'காலா' மாதிரிப் படத்தில் தாராவிப் பையன்கள் தங்கள் வரியைத் தாங்களே பாடியதும் சினிமாவில்தான். ஆனால் போகும்போது வரி எழுதியவர் என்று உங்கள் பெயர் டைட்டிலிலும், யூடியூப் விவரக் குறிப்பிலும், ஸ்ட்ரீமிங் ஆப்களிலும் வருமா என்று முதலிலேயே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் வரியைத் தேதியோடு உங்களுக்கே ஒரு மெயிலாகவும் போட்டுவையுங்கள். 2012-ல் திருத்திய நம்ம காப்பிரைட் சட்டப்படி, படத்துக்கு எழுதிக் கொடுத்தாலும் தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் சரிபாதிப் பங்கு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உண்டு. அந்த உரிமையை வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. அதை வசூலித்துத் தர ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது, எழுத்தாளராக அதில் சேருங்கள். 57-வது பிரிவின்படி, உரிமையை விற்ற பிறகும் 'இதை எழுதியது நான்' என்று கோரலாம்.

ஒப்பந்தத்தை நின்ற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், ஸ்டூடியோவில் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்று அவசரப்படுத்தினாலும். வீட்டுக்கு எடுத்துவந்து அதே காப்பிரைட் சட்டத்தின் 19-வது பிரிவை வைத்துப் படியுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், எந்தப் பாட்டு, எத்தனை வருடம், எந்த நாடு, எவ்வளவு காசு என்று அதில் இருக்க வேண்டும். வருடம் எழுதாமல் விட்டிருந்தால் சட்டம் அதை ஐந்து வருடம் என்றுதான் எடுத்துக்கொள்ளும், இடம் எழுதாமல் விட்டிருந்தால் இந்தியாவுக்குள் மட்டும். 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். புரியவில்லை என்றால் ஒப்பந்தத்தோடு பெரம்பூருக்கு வாங்க, தெரிந்த வக்கீல் அக்கா ஒருவர் இருக்கிறார், உட்கார்ந்து படித்துவிடலாம்.